'லாம்' என்று முடியும் வாக்கியங்கள்

1

இங்கிலிஷ் இலக்கணத்தில் மோடல் வினைகள் என்று ஒரு சின்னக் கூட்டம் உண்டு. கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட். பள்ளிக்கூடத்தில் இவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டு முடித்துவிடுவார்கள். கேன் என்றால் முடியும், மே என்றால் லாம், மஸ்ட் என்றால் வேண்டும், ஷல்லும் வில்லும் எதிர்காலம். கூடவே இரண்டு மூன்று எச்சரிக்கை: 'எஸ்' சேர்க்கக் கூடாது, பின்னால் 'டு' போடக் கூடாது, 'கேன் ஏபிள் டு' என்று எழுதினால் மார்க் போய்விடும். பாடம் தீர்ந்தது.

இந்தப் பட்டியலில் பிழை என்று எதுவும் இல்லை. ஆனால் அதிலிருந்து ஒரு ஆள் காணாமல் போயிருக்கிறார். 'லாம்' என்று சொல்கிறவர் யார், யாரிடம் சொல்கிறார், சொன்னது நடக்காவிட்டால் யார் போய் யாரைக் கேட்பது என்ற சங்கதி அதில் இல்லை. மொழிக்குள் அதிகாரம் வந்து உட்காருகிற இடங்களில் மோடல் வினை முக்கியமானது. அந்த இடத்தைப் பெருக்கித் துடைத்துவிட்டு வெறும் சமன்பாடாக நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். இதைத்தான் இந்தக் கட்டுரையில் பேச நினைக்கிறேன்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில வருஷம் மாலை நேரத்தில் இங்கிலிஷ் சொல்லிக் கொடுத்தேன். அதனால் என் உதாரணங்கள் பெரும்பாலும் அந்த மலையிலிருந்து வருகின்றன. உதாரணம் என்பதைவிட, மோடல் வினையால் வாழ்க்கை நிர்ணயமாகும் ஓர் இடம் என்று சொல்வது சரியாக இருக்கும். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மேலே ஏறினால் வருகிற இந்த மலை, ஜாகிர்தார்கள் கையிலிருந்து அரசு நிர்வாகத்துக்கு வந்தது 1976இல். மாவட்டம் தென்னாற்காடாக இருந்து, 1993இல் விழுப்புரமாகி, 2019இல் கள்ளக்குறிச்சி ஆனது. இங்கே வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்து மலையாளி அல்ல, மலையை ஆள்பவர்). சாமை, மரவள்ளி, கடுக்காய். காட்டு நிலத்தில் பயிர் செய்கிறவர்களுக்குத் தங்கள் நிலத்தோடு உள்ள உறவை எழுதி வைத்திருப்பது இங்கிலிஷ் சட்ட வாக்கியங்கள். அந்த வாக்கியங்களின் முடிச்சு எல்லாம் மேயிலும் ஷல்லிலும் இருக்கிறது.

2

முதலில் நம்முடைய தமிழைப் பார்த்துவிடலாம்.

தமிழ் வினைமுற்று ஆளைக் காட்டிக் கொடுக்கும். போனேன், போனாய், போனான், போனார்கள் என்று வினையின் வாலைப் பிடித்தால் ஆள் அகப்பட்டுவிடுவான். எழுவாயைச் சொல்லாமலே வாக்கியம் நிற்பது இதனால்தான். மோடல் பொருள் வருகிற இடத்தில் மட்டும் இந்த வால் அறுந்துபோகிறது. நான் போகலாம், நீ போகலாம், அவர்கள் போகலாம். நான் போகவேண்டும், அவள் போகவேண்டும். 'போகல்' என்ற தொழிற்பெயரோடு 'ஆம்' சேர்ந்து வந்தது போகலாம். போவது ஆகும், போவது தகும் என்பதுபோல. 'ஆகும்' என்பதற்கு ஆள் கிடையாது. இங்கிலிஷ் மோடலும் 'எஸ்' ஏற்பதில்லை என்பது இதற்குத் தூரத்து உறவு. ஆனால் இங்கிலிஷில் எழுவாய் முன்னால் நின்றாக வேண்டும். அதை ஒளிக்க வேண்டுமானால் செயப்பாட்டுவினைக்குப் போக வேண்டும். தமிழில் அந்தச் சிரமமும் இல்லை. 'பரிசீலிக்கலாம்' என்று கோப்பில் ஒற்றைச் சொல் எழுதிவிட்டால் போதும். யார் பரிசீலிப்பது? எப்போது? சொல்லுக்குள் பதில் இல்லை.

மறுப்பில் இன்னும் வேடிக்கை. 'மாட்டேன், மாட்டாய், மாட்டார்' என்பதற்கு வால் உண்டு. 'தரமாட்டேன்' என்றால் மறுக்கிறவன் தன் பெயரோடு மறுக்கிறான். 'முடியாது', 'கூடாது' இரண்டுக்கும் வால் இல்லை. மலையிலிருந்து இறங்கித் தாலுகா ஆபீசுக்கு மனு கொண்டு போனவன் எவனும் 'மாட்டேன்' என்ற சொல்லைக் கேட்டிருக்க மாட்டான். 'அதெல்லாம் முடியாதுப்பா', 'ரூல்படி கூடாது.' இது மரியாதை கருதிச் சொல்லும் பேச்சு அல்ல. ஆளில்லாத மறுப்புக்கு மேல்முறையீடு செய்வது கஷ்டம்.

'வேண்டும்' இதைவிடச் சிக்கல். 'எனக்குப் பட்டா வேணும்' என்றால் ஆசை, தேவை. 'பட்டா வழங்க வேண்டும்' என்றால் கட்டளை. மனுவின் அடியில் 'வழங்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்' என்றால் கெஞ்சல். கடவுளை வேண்டுவதும் இதே வேண்டுதான். நம் இலக்கணக்காரர்கள் இந்த நெருக்கத்தைக் கவனித்திருக்கிறார்கள். வியங்கோள் என்ற ஒரே வடிவம் வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் என நான்கு பொருளுக்கும் வரும் என்று இன்றைக்கும் பள்ளியில் படிக்கிறோம். வேண்டுவதும் விதிப்பதும் ஒரே உருவத்தில் நிற்கின்றன. எது எது என்று தீர்மானிப்பது, பேசுகிறவன் மேலே இருக்கிறானா கீழே இருக்கிறானா என்பது. வடிவம் தீர்மானிப்பதில்லை.

ஆகவே 'மே என்றால் லாம், மஸ்ட் என்றால் வேண்டும்' என்று சொல்லித் தரும்போது, ஒரு மங்கலான சொல்லுக்கு இன்னொரு மங்கலான சொல்லைப் பொருளாகத் தருகிறோம். பிள்ளைக்கு இரண்டு மொழியிலும் ஒரே மூட்டம்.

3

இங்கிலிஷ் மோடல்களின் பூர்வீகத்தையும் கொஞ்சம் தோண்டலாம். பழைய இங்கிலிஷில் கேன் என்பதன் மூலம் 'அறிந்திருக்கிறேன்' என்ற பொருள் கொண்டது. மேயின் மூலத்துக்கு 'வலிமை உண்டு' என்று பொருள். அனுமதி பின்னால் வந்து சேர்ந்தது. மஸ்ட்டின் கதை தலைகீழ்: அதன் மூலச்சொல்லுக்கு 'அனுமதி உண்டு' என்பது ஒரு பழைய பொருள், பிறகு கட்டாயமாக இறுகியது. ஷல்லின் மூலத்துக்கு 'கடன்பட்டிருக்கிறேன்' என்று அர்த்தம்.

இந்தக் கடைசிச் செய்தி தமிழ்க்காரனுக்கு ஆச்சரியமாக இருக்கக் கூடாது. நம்மிடமும் 'செய்யக் கடவன்', 'ஆகக் கடவது' என்று ஒரு வடிவம் இருந்தது. விவிலியத் தமிழிலும் பழைய பத்திரங்களிலும் இப்போதும் அதைக் காணலாம். கடன், கடமை, கடப்பாடு எல்லாம் அந்தக் குடும்பம். சோழர் காலக் கல்வெட்டுகளில் கடமை என்பது குடியானவன் செலுத்தும் வரி. கடன்பட்டவன் ஒருவன் இருந்தால் கொடுக்கப்பட வேண்டியவன் ஒருவன் இருந்தாக வேண்டும். ஷல்லும் கடவதும் இரண்டு ஆளைக் கேட்கிற சொற்கள். லாமுக்கு ஒருவரே போதும், கொடுக்கிறவர். வாங்குகிறவர் காத்திருக்கலாம்.

மொழியியலில் மோடல் பொருளை இரண்டாகப் பிரிப்பார்கள். 'அவர் வீட்டில் இருக்கலாம்' என்பது பேசுகிறவனின் ஊகம். 'நீ வீட்டில் இருக்கலாம்' என்பது அனுமதி. முன்னது அறிவைச் சார்ந்தது, பின்னது அதிகாரத்தைச் சார்ந்தது. சட்டத்தில் மே வரும்போது அது அதிகாரம் சார்ந்த மே. ஆனால் அதைப் படிக்கிற ஏழைக்கு அது ஊகமாகத்தான் அனுபவப்படுகிறது: கிடைத்தாலும் கிடைக்கலாம். இலக்கணம் பிரித்து வைத்ததை நிர்வாகம் மறுபடி சேர்த்துவிடுகிறது.

4

ஒரு மோடல் வினைக்காகத் தமிழ்நாடே தெருவுக்கு வந்த காலம் ஒன்று உண்டு. இந்தி எதிர்ப்பு வரலாற்றை உணர்ச்சியாகச் சொல்லிச் சொல்லி அதற்குள் இருந்த இந்த இலக்கணச் சண்டையை நாம் பாதி மறந்துவிட்டோம்.

அரசியல் சட்டத்தின் 343ஆம் பிரிவு பதினைந்து வருஷத்துக்கு இங்கிலிஷ் தொடரும் என்பதை ஷல் போட்டுச் சொன்னது. அதற்குப் பிறகு பாராளுமன்றம் சட்டம் இயற்றித் தொடரச் செய்யலாம் என்பதை மே போட்டுச் சொன்னது. அந்தச் சட்டம் 1963இல் வந்தது. ஆட்சிமொழிகள் சட்டத்தின் 3ஆம் பிரிவு, இந்தியோடு கூட இங்கிலிஷும் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்றது. மே. அப்போது மாநிலங்களவையில் இருந்த அண்ணாதுரையும் தி.மு.க.வும் இந்த இடத்தில் ஷல் வேண்டும் என்று வாதாடினார்கள். 'தொடரலாம்' என்றால் 'தொடராமலும் போகலாம்' என்று நாளைக்கு வேறொருவர் வாசிப்பார் என்பது அச்சம். இங்கே மேவுக்கு ஷல் என்றுதான் பொருள் என்றார் நேரு.

நேரு பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது பிரதிக்கு வெளியே, தன் சொந்தப் பொறுப்பில் தந்த பொருள். 1964 மே மாதம் நேரு இறந்தார். பொருளுக்குப் பிணை நின்றவர் போய்விட்டார், சொல் மட்டும் இருந்தது. 1965 ஜனவரி 26க்கு முன்னும் பின்னும் நடந்தது நமக்குத் தெரியும்.

இந்தக் கதையின் முடிவுதான் இலக்கண மாணவனுக்கு முக்கியம். 1967 டிசம்பரில் நிறைவேறிய திருத்தம் அந்த மேவை எடுக்கவில்லை. 3ஆம் பிரிவின் முதல் வரியில் அது இன்றும் அப்படியே கிடக்கிறது. திருத்தம் செய்தது, அதைச் சுற்றி ஷல் வேலி போட்டதுதான். இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு மத்திய அரசு கொள்ளும் தொடர்புக்கு இங்கிலிஷ் பயன்பட்டாக வேண்டும், ஷல். இந்த ஏற்பாடு எதுவரை? இந்தியை ஏற்காத எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும் நிறுத்தலாம் என்று தீர்மானம் போடும்வரை. அதாவது மே இருந்த இடத்துக்குச் சாவியை வேறு கையில் கொடுத்தார்கள். 1976இல் வந்த ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுவதற்கும் பொருந்தும் என்று ஆரம்பிப்பதும் இதன் தொடர்ச்சி. கல்வராயன் மலை ஜாகிர் முடிந்ததும் அதே வருஷம்தான். சமவெளித் தமிழன் தன் 'மே'க்கு வேலி கட்டி முடித்த காலத்தில் மலைத் தமிழன் அரசின் வாக்கியங்களுக்குள் அப்போதுதான் நுழைகிறான்.

5

நுழைந்தவனுக்கு என்ன வாக்கியங்கள் காத்திருந்தன?

ஒன்று, அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை. பழங்குடிப் பகுதிகளுக்குத் தனி நிர்வாக ஏற்பாட்டைத் தருவது. எது பட்டியல் பகுதி என்பதற்கு அது தருகிற விளக்கம்: குடியரசுத் தலைவர் ஆணை மூலம் எதை அறிவிக்கலாமோ அது. மே. எந்த அளவுகோலும் அந்த வரியில் இல்லை, காலக்கெடுவும் இல்லை. இன்று பத்து மாநிலங்களில் பட்டியல் பகுதிகள் உண்டு. தமிழ்நாட்டில் ஒரு கிராமம்கூட இல்லை. கல்வராயன், ஜவ்வாது, சேர்வராயன், கொல்லி, பச்சைமலை எதுவும் இல்லை. பட்டியல் பகுதி இல்லாததால் கிராம சபைக்கு வலு கொடுக்கிற 1996இன் பெசா சட்டமும் மலை ஏறவில்லை. இதில் யாரும் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை என்பதைக் கவனியுங்கள். அறிவிக்கலாம் என்றிருந்தது, அறிவிக்கவில்லை. மே என்ற சொல் மீறப்பட முடியாதது.

இரண்டு, 46ஆம் பிரிவு. நலிந்த பிரிவினரின், குறிப்பாகப் பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் கல்வி, பொருளாதார நலனை அரசு தனி அக்கறையோடு வளர்த்தாக வேண்டும். ஷல். ஆகா என்று சந்தோஷப்படுவதற்குள் 37ஆம் பிரிவு குறுக்கே வருகிறது: இந்தப் பகுதியில் உள்ளவற்றை எந்தக் கோர்ட்டும் அமல்படுத்த முடியாது. அதுவும் ஷல்தான், எதிர்மறை ஷல். ஒரு ஷல் கொடுத்ததை இன்னொரு ஷல் கேட்க முடியாததாக்குகிறது. ஷல் இருந்தால் கட்டாயம் என்று பட்டியல் போட்டவர்களுக்கு இது பாடம். 1957இல் மன்போதன் லால் வழக்கில், அரசு ஊழியர் மீதான நடவடிக்கைக்குத் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க 'ஷல்' என்று அரசியல் சட்டம் சொன்னாலும் அது கட்டாயமல்ல, வழிகாட்டல்தான் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. மறுபக்கம், மே என்ற சொல்லையே கட்டாயமாக வாசித்த தீர்ப்புகளும் உண்டு: அதிகாரத்தோடு ஒரு கடமையும் பிணைந்திருந்தால் செய்யலாம் என்பது செய்தாக வேண்டும் ஆகும் என்பது 1880இல் இங்கிலாந்தில் ஜூலியஸ் வழக்கிலிருந்து வருகிற வாதம். ஆக, சொல்லுக்குள் பலம் இல்லை. யார் வாசிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

மூன்று, காட்டுச் சட்டம். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டமும் 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டமும் ஒரே மாதிரி இயங்குபவை. ஒரு நிலத்தைக் காப்புக்காடாக்கப் போவதாக அறிவிப்பார்கள். உரிமை உள்ளவன் குறிப்பிட்ட காலத்துக்குள் வந்து எழுதித் தரவேண்டும். தராதவனின் உரிமை அழிந்துபடும், அதற்கு ஷல். காட்டுக்காரன் பக்கம் வருகிற ஷல் இது. காலக்கெடு உள்ள ஷல், கேட்க ஆள் உள்ள ஷல். அரசு பட்ட கடனுக்கு மே, குடி பட்ட கடனுக்கு ஷல் என்று ஒரு கணக்கு.

நான்கு, 2006இன் வன உரிமைச் சட்டம். இலக்கணமாகப் பார்த்தால் இந்தியச் சட்டங்களில் இது ஒரு அபூர்வம். அதன் 4(1)ஆம் பிரிவில் முக்கியமான வினைக்கு மோடலே இல்லை. அரசு உரிமை வழங்கலாம் என்றோ வழங்க வேண்டும் என்றோ சொல்லவில்லை. மத்திய அரசு இதன் மூலம் உரிமைகளை அங்கீகரிக்கிறது, அவர்களிடம் நிலைபெறச் செய்கிறது என்று நிகழ்காலத்தில் சொல்கிறது. ஜே.எல். ஆஸ்டின் சொன்ன வகை வாக்கியம்: சொல்வதே செய்வது. 'இந்தக் கப்பலுக்கு இந்தப் பெயர் வைக்கிறேன்' என்றால் பெயர் வைத்தாயிற்று. அதுபோல, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் இருக்கும் பழங்குடியின் உரிமை இந்த வாக்கியத்தால் அங்கீகாரம் பெற்றாயிற்று. மிச்சம் இருப்பது சரிபார்ப்பும் பதிவும்.

ஆனால் ஆபீசில் இதை மொழிபெயர்த்துப் பேசும்போது என்ன ஆகிறது? 'பட்டா குடுக்கலாமான்னு பாக்குறோம்.' அங்கீகரிக்கிறது என்பது லாம் ஆகிவிட்டது. மோடல் இல்லாத வாக்கியத்துக்கு நிர்வாகம் தன் கையால் மோடல் போட்டுவிட்டது. மனு எழுதித் தருகிறவர்களும் 'கருணை கூர்ந்து வழங்க வேண்டுமாய்' என்று அதை உறுதிப்படுத்துகிறார்கள். சட்டப்படி அது கோரிக்கை மனுகூட அல்ல, உரிமைக் கோரல். அதைத் தொடங்கி வைக்கிற அதிகாரம் கிராம சபைக்கு, ஷல் போட்டு, 6ஆம் பிரிவில்.

அதே சட்டத்தில் 3(2) என்று ஒரு பிரிவு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர், ரோடு என்று 13 வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்டு, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையோடு, காட்டு நிலத்தை ஒதுக்க மத்திய அரசு ஏற்பாடு செய்தாக வேண்டும். ஷல். 'ரோடு போட ஃபாரஸ்ட்காரங்க விடமாட்டாங்க' என்று மலையில் அலுத்துப்போய்ச் சொல்கிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த ஷல்லைக் காட்டியிருக்கிறோம்?

சட்டத்தின் ஓட்டைகளும் மோடலில்தான். சரிபார்ப்பு முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது 4(5). பலமான ஷல், ஆனால் 'வரை' என்ற வாலோடு. கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்ற 2019 பிப்ரவரி 13இல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது அந்த வாலைப் பிடித்துத்தான். நாடெங்கும் எதிர்ப்பு வந்து, அதே மாதம் 28இல் அந்த உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. சட்டத்தை மீறுகிற அதிகாரிக்கு 7ஆம் பிரிவில் தண்டனை உண்டு: ஆயிரம் ரூபாய் வரை நீளலாம் என்ற அபராதம். மே. நீளலாம், நீளாமலும் போகலாம்.

6

'இலக்கணம் சொல்லித் தரப் போன இடத்தில் என்னத்துக்கு இவ்வளவு சட்டம்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மலைப் பிள்ளை வகுப்புக்குள் முதலில் கற்கும் இங்கிலிஷ் வாக்கியம் 'மே ஐ கம் இன் சார்'. இரண்டாவது 'மே ஐ கோ அவுட் சார்'. மே என்பது வாசலில் நின்று கேட்கிற சொல்லாகவே மனதில் பதிகிறது. ஷல்லைப் பாடப்புத்தகம் பழைய வழக்கு என்று ஒதுக்கிவிடுகிறது. பேச்சில் பழையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பிள்ளையின் அப்பா உழுகிற நிலத்தைப் பற்றிய தாள்களில் ஷல் சாகவில்லை. கெஞ்சத் தேவையான மோடலைக் கற்றுக் கொடுத்துவிட்டு, கேட்கத் தேவையான மோடலைப் பழையது என்று மூடி வைப்பது கற்பித்தல் முறையின் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

நடைமுறையில் இதற்கு எடை உண்டு. ஐகோர்ட்டில் 226ஆம் பிரிவின் கீழ் கேட்கிற மாண்டமஸ் என்ற ரிட்டுக்கு லத்தீனில் 'ஆணையிடுகிறோம்' என்று பொருள். அதிகாரிக்குக் கடமை இருந்தால்தான் அது பிறக்கும். விருப்புரிமை மட்டும் இருந்தால், பரிசீலியுங்கள் என்பதற்கு மேல் கோர்ட் பெரும்பாலும் போகாது. அதாவது ஷல் இருக்கிறதா மே இருக்கிறதா என்று பார்த்துத்தான் கோர்ட்டின் கதவு எவ்வளவு திறக்கும் என்பது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகு, சென்னை ஐகோர்ட் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாகவே வழக்காக எடுத்தது. அவ்வளவு சாவுக்குப் பிறகு கோர்ட் தானாகக் கேட்டது நல்லது. ஆனால் கேட்கும் உரிமை ஏற்கெனவே அச்சில் இருந்தது.

வகுப்பில் நான் பட்டியலைக் கைவிட்டேன். அதற்குப் பதில், மோடல் வருகிற எந்த வாக்கியத்தையும் ஐந்து கேள்வி கேட்கச் சொன்னேன். செய்ய வேண்டியது யார்? பெற வேண்டியது யார்? எதுவரை? செய்யாவிட்டால் என்ன? அதை யாரிடம் போய்ச் சொல்வது? 'பேருந்து எட்டு மணிக்கு வரலாம்' என்பதில் தொடங்கி, ரேஷன் கடைப் பலகை, ஹாஸ்டல் விதிகள், 100 நாள் வேலை அட்டை என்று போகலாம். பதினைந்து நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தரவேண்டும் என்ற வரியின் ஷல்லைப் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி தானாகக் கண்டுபிடித்து, 'அப்ப இது எங்க அம்மாவுக்குக் கடனா சார்?' என்று கேட்டாள். ஷல்லின் பழைய பொருளை நான் அதுவரை அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. 2005இல் வந்த அந்த வேலை உறுதிச் சட்டத்தின் ஷல்லுக்கு மோடல் பாடத்தில் அதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை.

இந்தக் கேள்விகளால் நிலம் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 1963இலும் சரியான வாசிப்பு மட்டும் போதவில்லை, பின்னால் தெருவும் ஓட்டும் வேண்டியிருந்தது. ஆனால் தெருவுக்குப் போனவர்களுக்குத் தாங்கள் மாற்றக் கேட்கும் சொல் எது என்று தெரிந்திருந்தது. கல்வராயன் மலைக்கு ஐந்தாம் அட்டவணையின் அந்த 'அறிவிக்கலாம்' 1976இலிருந்து திறந்தே கிடக்கிறது. அதில் காலக்கெடு இல்லை என்பது இத்தனை நாளும் அரசுக்கு வசதியாக இருந்தது. காலக்கெடு இல்லாத சொல் காலாவதியும் ஆகாது. இன்றைக்கும் அறிவிக்கலாம்.